ஸ்காலர்ஷிப் கட்டுரையில் தோழியின் கதையை எழுதினேன், படித்துவிட்டு மொத்தமும் அடித்துவிட்டாள்

பொருநைக்கரை | திங்கள் இரவு 9.52

வணக்கம். தலைப்பைப் பார்த்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நிஜமாகவே யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நெல்லைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணு, தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கும் பெண் நான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். மதிப்பெண், ப்ராஜெக்ட், பேராசிரியர்களின் கடிதம் எல்லாம் தயார். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: சமூக நீதியிலும் பன்மையிலும் உங்கள் ஈடுபாட்டை 500 சொற்களுக்குள் விளக்குக.

எங்கள் கல்லூரியில் இரண்டு வருடமாக ஆபீஸ் ரூமுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார்கிறோம், ஐந்து பேர். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று வரும் ஜூனியர்களுக்கு நிரப்பிக் கொடுப்போம். இதைத்தான் கட்டுரையில் எழுதினேன். வெறும் மேசை, ஃபாரம் என்று எழுதினால் யார் படிப்பார்கள் என்று தோன்றியதால் என் தோழியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். அவள் அருந்ததியர் வீட்டுப் பெண், அம்மா நகராட்சியில் தூய்மைப் பணி. முதலாண்டில் அவளுக்கு ஸ்காலர்ஷிப் பணம் வராமல் படிப்பையே விட்டுவிடும் நிலைமை வந்தது, அப்போது நாங்கள் எப்படி உதவினோம் என்றெல்லாம் உருக்கமாகத்தான் எழுதினேன். பெயர் போடவில்லை.

இன்று அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பத்தி முழுவதையும் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, "இது வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, ரெக்கார்ட் நோட்டைத் தூக்கிக்கொண்டு லேப்புக்குப் போய்விட்டாள். மூன்று வருடப் பழக்கம். நல்ல எண்ணத்தில்தானே எழுதினேன்? அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | திங்கள் இரவு 10.20

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 வருடம் ஆபீஸில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லட்டுமா? மேசை போட்டு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதை "வெறும்" என்று சொல்லாதே. என் அனுபவத்தில் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது கணக்கில் தோற்று மட்டும் இல்லை, இந்தக் காகிதங்களில் தோற்றும்தான்.

இரண்டு கேள்வி. ஒன்று, மேசையில் என்னென்ன வேலை பார்த்தீர்கள், விவரமாகச் சொல். இரண்டு, மேசை போடலாம் என்று முதலில் சொன்னது யார்?

கட்ஆஃப்198 | திங்கள் இரவு 10.41

வந்துட்டாங்கய்யா. சமூக நீதி என்றால் இப்போது வெளிநாட்டு சீட்டுக்கு ஒரு தகுதி, அவ்வளவுதான். நான் 200-க்கு 198 கட்-ஆஃப் வாங்கியும் கேட்ட கல்லூரியில் கேட்ட பிரிவு கிடைக்கவில்லை. எனக்கு எந்தக் கட்டுரையும் யாரும் எழுதவில்லை. மொத்தமும் ஓட்டு அரசியல். கோட்டாவில் சேருகிறவர்களுக்கு மேசை நாற்காலி போட்டு வரவேற்பு வேறு. திறமைக்கு ஒரு மேசை எங்கே போட்டிருக்கிறார்கள்?

நூலகத்துமூலை | திங்கள் இரவு 11.35

198, ஓட்டு அரசியல் என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். 1979-ல் எம்ஜிஆர் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார். 1980 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு இங்கே கிடைத்தது இரண்டே இடம். உடனே வரம்பை எடுத்துவிட்டு 31 சதவீதமாக இருந்ததை 50 ஆக்கினார். 1987-ல் வன்னியர்கள் சாலை மறியல் செய்து 21 பேர் உயிர் போன பிறகுதான் 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு என்று 20 தனியாகப் பிரிந்தது. ஓட்டு இல்லாதவன் கேட்டு எது கிடைத்திருக்கிறது? தெருவில் இறங்கியும் ஓட்டைக் காட்டியும்தான் கிடைத்திருக்கிறது.

அப்புறம் இது நேற்று முளைத்ததும் இல்லை. நீதிக்கட்சிக் காலத்தில் 1921-ல் வகுப்புவாரி ஆணை வந்தது, 1928-ல் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசு வேலையில் 12 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. அந்தக் கடைசி ஒன்றைக் கவனியுங்கள், பிறகு வருகிறேன். 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையைச் செல்லாது என்றது. மருத்துவ இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்ட அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தனி வேடிக்கை. அதே ஆண்டு அரசியலமைப்பு முதல் முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. மண்டல் வழக்கில் 1992-ல் 50 சதவீத உச்சவரம்பு வந்தபோது இங்கே 1993-ல் தனிச்சட்டம் போட்டு, 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம், சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்க வைத்திருக்கும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். அதுதான் இன்றைய 69 சதவீதம்: பிசி 30, எம்பிசி 20, எஸ்சி 18, எஸ்டி 1. மீதி 31 எல்லோருக்கும் பொது, அதில் உங்கள் 198-ம் போட்டி போட்டது, ஓர் இருளர் பையனின் 198-ம் போட்டி போடலாம். முன்னணிக் கல்லூரிகளில் ஓசிக்கும் பிசிக்கும் கட்-ஆஃப் இடைவெளி எவ்வளவு சின்னது என்று போன வருடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

இப்போது அந்த 12-ல் 1. பிற்படுத்தப்பட்ட நாங்கள் (ஆமாம், நானும் பிசி) 69 என்றதும் மார் தட்டுகிறோம். அதே ஊரில் கோயில் கதவைத் திறக்கச் சொன்னால் வாயைத் திறப்பதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவரும் பேசவில்லை. அதற்கு முந்தைய வாரம்வரை அதில் தினம் ஒரு பெரியார் படம் வந்துகொண்டிருந்தது. சமூக நீதி என்றால் எனக்கு மேலே இருப்பவனிடம் நான் கேட்பது என்றே நாங்கள் பழகிவிட்டோம். பொருநைக்கரை, உங்கள் தோழி ஏன் அடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்தியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், அவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு தரம் பாருங்கள்.

நெறியாளர் | செவ்வாய் காலை 7.10

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எழுதியவருக்கு ஒரு வாரம் ஓய்வு. மற்றவர்கள் தொடரலாம்.

பொருநைக்கரை | செவ்வாய் காலை 8.05

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் கேட்டதற்கு: மேசை வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், மதிய இடைவேளையில். அதிகம் வருவது மூன்று பிரச்சினைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. கணினி இது மூன்றும் ஒரே ஆள் என்று நம்பாது. அடுத்தது வங்கி. விண்ணப்பத்தில் ஒரு கணக்கு எண் எழுதிக் கொடுத்திருப்பார்கள், பணம் அங்கே வராது, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தார்களோ அங்கே போய் விழும். போன வருடம் ஒரு பையனின் பணம் அவன் பத்தாம் வகுப்பில் திறந்து மறந்துபோன கணக்கில் ஏழு மாதம் கிடந்தது. அவன் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு கடன் வாங்கியிருக்கிறான். மூன்றாவது முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போட்டுவிடுவார்கள், அது விஏஓவிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், துணை வட்டாட்சியர் மேசைக்கு வருவதற்குள் கட்டணம் கட்டக் கடைசித் தேதி வந்துவிடும். அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது என்பது பல வீட்டில் தெரியாது, திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரியும். யார் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து வாராவாரம் பார்ப்போம். போன பருவத்தில் அந்த நோட்டில் 143 பெயர்.

198 அண்ணா, வருபவர்களில் எல்லா சாதியும் உண்டு. முதல் பட்டதாரிச் சலுகைக்கு சாதி கிடையாது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் காலை 8.31

அப்படிப் போடு. நீ இப்போது எழுதிய இந்த ஒரு பதிவையே 500 சொல்லாக ஆக்கி அனுப்பினால் போதும், உருக்கம் எதுவும் வேண்டாம். 143 பெயர் உள்ள நோட்டு ஒன்று இருக்கிறது என்றால் அந்த நோட்டைப் பற்றி எழுது.

ஆனால் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை.

தெற்குத்தெரு | செவ்வாய் மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், கொஞ்சம் உறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் எஸ்சி, பொறியியல் முடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. நான் ஒருவருடைய கட்டுரையில் இருந்திருக்கிறேன். இரண்டாமாண்டில் எங்கள் துறையில் ஒரு விழா மலர் போட்டார்கள். சீனியர் ஒருவர், நல்ல மனிதர், இன்றும் பேசுவோம், "இருளிலிருந்து" என்று தலைப்பு வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு தரம் வந்திருந்தார், அம்மா டீ போட்டுக் கொடுத்திருந்தார், குடித்தார். அந்த டீயைக் குடித்ததை இரண்டு பத்தி எழுதியிருந்தார். வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது என்பதையும் எழுதியிருந்தார். மலர் எல்லோர் கைக்கும் போனது. பெயர் போடவில்லைதான். வகுப்பில் அறுபது பேர், அந்த ஆள் யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றுவரை நான் வகுப்பில் சர்க்யூட் போர்டு சரியாக சால்டர் செய்கிற பையன். அதன் பிறகு ஒரு நாற்காலி வீட்டுப் பையன்.

அவர் செய்தது எனக்கு அவமானம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது, நான் சொன்னதும் இல்லை. உங்கள் தோழி உங்களிடம் கோடு போட்டாவது காட்டியிருக்கிறார் என்றால் உங்கள் மேல் அவருக்கு என்னைவிட நம்பிக்கை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவர் அம்மாவின் வேலையை எழுதினீர்களே, உங்கள் அப்பா என்ன வேலை, தாத்தாவுக்கு எவ்வளவு நிலம், அதில் யார் வேலை பார்த்தார்கள் என்று அந்த 500 சொல்லில் எங்காவது வருகிறதா? எங்கள் குடும்பத்தைப் பற்றி மட்டும் ஏன் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்?

கடைசியாக ஒரு சட்டச் சேதி, மேசைக்குப் பயன்படும். கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த எஸ்சி, எஸ்டி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்கள், குடும்ப வருமானம் அரசு வைத்த வரம்புக்குள் இருந்தால், தனியார் கல்லூரியிலும் அவர்கள் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2012-ல் அரசாணை 92 வந்தது. ஆபீஸ் ரூமில் "முதல்ல கட்டு, பணம் வந்ததும் வாங்கிக்கோ" என்று சொன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். நான் படித்தபோது எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

கட்ஆஃப்198 | செவ்வாய் மாலை 6.48

நீக்கப்பட்ட பதிவு நான் எழுதியது இல்லை, யாரும் அப்படி நினைக்க வேண்டாம்.

போன வருடப் பட்டியலைப் பார்த்தேன். நான் கேட்ட பிரிவில் பிசி கட்-ஆஃப் எனக்கு மேலே. அதாவது அந்தப் பிசிக்காரர்களும் என்னைவிட அதிகம் வாங்கியவர்கள். சரி. அதற்காக முழுசாக மனம் மாறிவிட்டேன் என்று இல்லை. எங்கள் வீட்டில் அப்பா கோயில் பரிசாரகர், மாதம் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மத்திய அரசுக் கல்லூரிகளில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அது கிடையாது. என் வறுமைக்கு இந்த மேசையில் ஃபாரம் இருக்கிறதா? சண்டைக்குக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் மாலை 7.20

தம்பி, இருக்கிறது. வீட்டில் உனக்கு முன்னால் பட்டதாரி யாரும் இல்லை என்றால் நீ சேர்ந்தபோதே முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்திருக்கலாம், முற்பட்ட வகுப்புக்கும் உண்டு. யாரும் சொல்லவில்லையா? பாலிடெக்னிக், ஐடிஐ முடித்தவர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இ-சேவையில் விசாரி. கீழே தங்கை, தம்பி யாராவது படிக்கிறார்களா?

கட்ஆஃப்198 | செவ்வாய் மாலை 7.26

தங்கை பிளஸ் டூ, அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து. நான்தான் வீட்டில் முதல் பட்டதாரி. எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழரை | செவ்வாய் இரவு 8.02

198 அண்ணா, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் உங்கள் தங்கைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். கட்டணம், ஹாஸ்டல் உட்பட அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கட்டாயம் போடுங்கள்.

என் பெயரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு: நான் வைத்துக்கொண்ட பெயர் இல்லை இது. முதலாண்டு முதல் வாரம் கிளாஸில் எங்கள் நாலு பேருக்கும் அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏழரை வந்துருச்சுடா" என்றால் சனி வந்துவிட்டது என்றும் அர்த்தம், கோட்டாப் பசங்கள் வந்தார்கள் என்றும் அர்த்தம், ஆசிரியரிடம் புகார் சொன்னால் ஜோசியம் பேசினோம் சார் என்பார்கள். நல்ல மூளைதான், அதைப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.

கட்டணம் கட்டத் தேவையில்லை என்பது பெரிய விஷயம், இல்லாவிட்டால் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்திருப்பேன். ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு முதல் நாள் எம்ஒன் (முதல் செமஸ்டர் கணக்கு) கிளாஸில் ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ். எனக்குக் கணக்கு வரும், அது கணக்கு என்பதே புரியவில்லை. முதல் செமஸ்டரில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒன்பது அரியர். இரண்டாம் செமஸ்டரில் மூன்றாமாண்டு அக்கா ஒருத்தர் ஹாஸ்டல் மெஸ்ஸில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தமிழில் சொல்லிக் கொடுத்தார், தினம் முக்கால் மணி நேரம். அவருக்கு அதில் சான்றிதழ், மார்க் எதுவும் இல்லை. இப்போது எனக்கு ஓர் அரியர்தான் பாக்கி. பொருநைக்கரை அக்கா, உங்கள் மேசைக்கு அது ஒரு யோசனை. ஃபாரத்தோடு எம்ஒன்னும் வையுங்கள்.

வெள்ளைக்கோல் | செவ்வாய் இரவு 10.55

சாதியைப் பற்றிப் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும், ஆனால் கேள்வியில் பன்மை என்றும் இருக்கிறது. எனக்குப் பார்வை இல்லை, ஆங்கில இலக்கியம் முதுகலை. இந்த இழையைப் போனில் குரல்வழி கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது "கட்ஆஃப்198" என்பதை ஒவ்வொரு தரமும் புதுவிதமாகப் படிக்கிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் எங்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம். இடம் கிடைத்தது. பரீட்சைக்கு நான் சொல்வதை எழுத ஒரு ஆள் வேண்டும். கல்லூரி "நீயே கூட்டி வா" என்றது. தேர்வு நாளில் எனக்காக மூன்று மணி நேரம், கூடுதல் நேரத்தோடு நாலு மணி நேரம், சும்மா வந்து உட்காரும் ஆளை எங்கே தேடுவது? விழாவில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்கும், பரீட்சைக்கு எழுத ஆள் கிடைக்காது. போன நவம்பரில் வந்த பெண் ஷெல்லியின் பெயரை நான்கு விதமாக எழுதினாள், ஆனால் வந்தாள்.

உங்கள் மேசை வேப்பமரத்தடியில் என்றீர்கள். நல்லது, படிக்கட்டு இல்லை. உள்ளே மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

நூலகத்துமூலை | புதன் காலை 6.40

வெள்ளைக்கோல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யுஜிசி 2012-ல் போட்ட விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையம் ஒன்றும், பாகுபாடு பற்றிய புகாரைக் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது இணையதளத்தில் ஒரு வரியும் எடுக்காத ஒரு போன் நம்பரும். ஏழரை, உங்களை அப்படிக் கூப்பிடுவது அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டிய புகார். கொடுத்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள், தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை ஊர் நெல்லைப் பக்கம் என்பதால் கேட்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிவரை பேசியது. பள்ளியில் கயிறு கட்டிய பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். உங்கள் மேசைக்கு முன்னால் அவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்களா?

பொருநைக்கரை | புதன் இரவு 11.18

எல்லாவற்றையும் படித்தேன், நேற்று படித்துவிட்டுத் தூங்கவில்லை.

நூலகத்துமூலை சார், வரிசை ஒன்றுதான். ஆனால் நிற்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, யார் பக்கத்தில் யார் என்று. எங்கள் பள்ளியிலும் கயிறு இருந்தது. எட்டாம் வகுப்புவரை நானும் கட்டியிருந்தேன், அம்மா கோயிலில் வாங்கியது என்றுதான் நினைத்தேன், எல்லோரும் எங்கள் தெருப் பிள்ளைகள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

தெற்குத்தெரு அண்ணா, தாத்தாவுக்கு ஆறு ஏக்கர் வயல். வாய்க்கால் பாசனம். யார் வேலை பார்த்தார்கள் என்பதை அப்பாவிடம் கேட்டேன். "நம்ம ஆளுங்கதான்" என்றார். நம்ம ஆளுங்க என்றால் யார் என்று கேட்டதற்கு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கணக்குப்பிள்ளை சார், உங்கள் இரண்டாவது கேள்வி. மேசை போடலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். முதலாண்டில் அவளுக்குப் பணம் வரவில்லை என்றேனே, அப்போது அவளே இ-சேவைக்கும் வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் ஏழெட்டுத் தரம் நடந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். நாங்கள் உதவினோம் என்று எழுதினேன். நான் செய்தது, ஒரு நாள் அவளோடு பஸ்ஸில் போனது. கணக்கு மாறி விழும் விஷயத்தைக் கண்டுபிடித்தது அவள், எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள், அந்த 143 பெயர் நோட்டு அவள் கையெழுத்து. கட்டுரையில் நான் அவளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் முதல் தரம் கேட்டபோதே தெரிந்தது, அதனால்தான் பதில் சொல்லவில்லை.

இன்று லேப் முடிந்து அவளிடம் போய் இதைச் சொன்னேன். அழுவாள், நானும் அழுவேன் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் வயர் சுற்றிக்கொண்டே, "எங்கம்மா வேலையை எழுதணும்னா நான் எழுதுவேன், என் ஃபாரத்துல. உனக்கு எதுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அதே உதவித்தொகைக்கு அவளும் விண்ணப்பித்திருக்கிறாள் என்று சொன்னாள். போன வாரமே அனுப்பிவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, மூன்று வருடத்தில் அவள் வெளிநாட்டில் படிக்க நினைக்கிறாளா என்று ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை.

தெற்குத்தெரு | வியாழன் காலை 9.02

அவர் என்ன எழுதினார் என்று கேட்டீர்களா?

பொருநைக்கரை | வியாழன் மாலை 5.40

கேட்டேன், காட்டினாள். ஆதார் இணைப்பில் பணம் எங்கெல்லாம் தவறிப் போகிறது என்று ஐந்து படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் சிக்கினார்கள் என்று நோட்டிலிருந்து எண்ணி எழுதியிருக்கிறாள். அம்மாவைப் பற்றி ஒரே வரி: கணக்கு வைக்கக் கற்றுக் கொடுத்தவர். என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, ஆங்கிலத்தில் கடிதம் எழுத உதவும் ஒரு நண்பர் என்று. அது உண்மை, தாலுகா ஆபீஸுக்கும் வங்கி மேலாளருக்கும் போகும் கடிதங்கள் நான் எழுதுவதுதான்.

என் கட்டுரையைத் திரும்ப எழுதியிருக்கிறேன், 410 சொல் வந்திருக்கிறது. மேசையை ஆரம்பித்தது ஒரு வகுப்புத் தோழி, அவளிடம் வேலை கற்றுக்கொண்டேன், கடிதம் எழுதுவது என் பங்கு என்று தொடங்குகிறது. ஆறு ஏக்கரும் கயிறும் இருக்கிறது. பழையதைவிட வறட்சியாக இருக்கிறது, கிடைக்குமா தெரியவில்லை. அவளிடம் கொடுத்தேன், இரண்டு இடத்தில் இலக்கணத் தப்பைத் திருத்திவிட்டு, "143 இல்ல, 139. நாலு பேர் ரெண்டு தடவ வந்தாங்க" என்றாள். முந்தைய பதிவில் இருக்கும் எண்ணையும் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்று வியாழன், மேசையில் 14 பேர். ஏழரைத் தம்பி, எம்ஒன் விஷயத்தை மற்ற மூவரிடமும் சொன்னேன், ஒருத்திக்குக் கணக்கு நன்றாக வரும், செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் ஆரம்பிக்கலாம் என்கிறாள், வார்டனிடம் கேட்க வேண்டும்.

கட்ஆஃப்198 | வியாழன் மாலை 6.15

தங்கைக்கு ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும் என்கிறார்கள். இடையில் ஏழாம் வகுப்பு வேறு ஊர் அரசுப் பள்ளி. இரண்டு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை | வியாழன் மாலை 6.33

எதற்கும் இரண்டு இடத்திலும் வாங்கி வை தம்பி. ஏழாம் வகுப்பு டிசி நகல் கையில் இருக்கிறதா பார். இல்லை என்றால் நாளைக் காலையே அந்தப் பள்ளிக்குப் போ, சனிக்கிழமை ஆபீஸில் ஆள் இருக்க மாட்டார்கள்.